சீஸுக்கு முன் பேசலாகாது

குழாய் வெடிப்பது எளிமையான சங்கதி. இரவு குளிரில் உள்ளே இருக்கும் தண்ணீர் உறைகிறது. உறைந்த தண்ணீர் பருக்கும். பருத்ததைத் தாங்க முடியாமல் செம்பு ஓரிடத்தில் விரிசல் விடும். காலையில் கட்டடம் சூடாகும்போது பனிக்கட்டி உருகி அந்த விரிசல் வழியே வெளியே வரும். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அனுமதி தேவைப்படுவது அதை நிறுத்துவதற்குத்தான்.

மோன்வெர்சி என்ற பிரெஞ்சு ஊரின் தொழில் நன்னடத்தை மன்றத்தில் ஜனவரி முப்பதாம் தேதி வெடித்த குழாய், கட்டடக் காவலாளி மதாம் ஃபிகேராவின் அறைச் சுவரில் இருந்தது. அந்த அறை தரைக்குக் கீழே, ஐந்து படி இறங்கினால் வரும். பிளம்பர் மத்யூரன் பெலிசாக் தன் வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு ஓடிவந்தபோது மணி ஒன்பதே கால். மதாம் ஃபிகேரா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாலாவது படியில் நின்றிருந்தார். கையில் ஒரு வாளி.

"வணக்கம், முசே" என்றார்.

"வால்வு எங்க இருக்கு?" என்றான் மத்யூரன், அவரைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கியபடியே.

முதல் வேலையாக அறையின் மின்சாரத்தைத் துண்டித்தான். விரிசலின் மேல் ரப்பர் பட்டையைச் சுற்றி இரும்புக் கவ்வி போட்டு இறுக்கினான். பாய்ந்த தண்ணீர் பாதியாகக் குறைந்தது. பாதிக்கு மேல் குறையாது. மூல வால்வை மூடினால்தான் குழாயை வெட்டிப் பற்றவைக்க முடியும்.

"வால்வு இந்தா, பக்கத்துல இரும்புக் கதவுக்குப் பின்னால. சாவி தலைவர்கிட்ட. கோட்டுக்குள்ள போடற கையில்லாத உள்சட்டையில சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருக்கார்" என்றார் மதாம் ஃபிகேரா.

"வால்வுச் சாவிய எதுக்கு அவர் மாட்டிக்கிட்டுத் திரியறார்?"

அதற்கு ஒரு வரலாறு இருந்தது. பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு பிளம்பர் மேலே சொல்லாமல் வால்வை மூடிவிட்டார். தலைவர் அப்போது கை கழுவிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கை நிறைய சோப்பு நுரையோடு நின்றார். அந்த ஐந்து நிமிடமும் அவரால் ஒருவருக்கும் கை கொடுக்க முடியவில்லை. மன்றத்தின் சரித்திரத்தில் அது ஒரு கறுப்பு நாள்.

"கதவ உடைக்கட்டுமா?"

"உடைச்சா அன்னிக்கே என்ன அனுப்பிருவாங்க. உடைக்காட்டியும் இப்ப அனுப்பத்தான் போறாங்க. அந்த மின்பெட்டியப் பாருங்க."

பெட்டி சுவரில் தாழ்வாக, மூன்றாம் படியின் மட்டத்தில் இருந்தது.

"அது நனைஞ்சா அறை குடியிருக்க லாயக்கில்லன்னு எழுதிருவாங்க. அறை இல்லன்னா காவலாளி வேலையும் இல்லன்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கு. இந்த அறைய விருந்தினர் கூடம் ஆக்கணும்னு மேல ரொம்ப நாளா ஆசை. நான் இங்க வந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு. இன்னும் நாலு வருஷம் தள்ளினா எனக்கு ஓய்வூதியம்."

மத்யூரன் மடக்கு அளவுகோலை எடுத்தான். ஒவ்வொரு படியும் ஏழு அங்குலம். தண்ணீர் இப்போது நாலு அங்குலம். கால்மணிக்கு ஓர் அங்குலம் ஏறும். மூன்றாம் படியின் தலைக்குப் பதினேழு அங்குலம் மிச்சம், அதாவது பதினேழு கால்மணி. ஒன்றரை மணி வரைக்கும் அவகாசம் இருக்கிறது.

"அட, நாலு மணி நேரத்துக்கு மேல இருக்கு. ஒரு சாவி வாங்கிட்டு வர எவ்வளவு நேரமாகும்?" என்றான்.

மதாம் ஃபிகேரா அவனை இரக்கத்தோடு பார்த்தார். "ஒவ்வொரு படி முழுகினதும் உங்க போனுக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன்" என்றார்.

தெருவில் இன்னொரு வால்வு உண்டு. அது நகராட்சிக்குச் சொந்தம். தொலைபேசியில் கேட்டதற்கு மூன்று வேலை நாளுக்குள் ஆள் வரும் என்றார்கள். மத்யூரன் மாடிப்படி ஏறினான்.

முதல் மாடி முகப்பில் பன்னிரண்டு விதிகள் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தன. அதன் கீழே செயலாளர் மதாம் லசேர் கையை நீட்டித் தயாராக நின்றார்.

"வணக்கம், முசே. புத்தாண்டு வாழ்த்துகள். முக்கியமா, நல்ல ஆரோக்கியம்."

ஜனவரி முடியும் வரை முதல் முறை பார்ப்பவர்களுக்கு வாழ்த்துச் சொல்லியாக வேண்டும் என்பது மத்யூரனுக்கும் தெரிந்ததுதான். அவனும் வாழ்த்தினான், ஆரோக்கியத்தையும் சேர்த்தே. பிறகு, "கீழ குழாய் வெடிச்சிருச்சு. தலைவர்கிட்ட ஒரு சாவி வேணும்" என்றான்.

"கண்டிப்பா. வணக்கம் முடிஞ்சதும்."

"இப்பத்தான சொன்னேன்?"

"எனக்குச் சொன்னீங்க."

இந்த இடத்தில் மன்றத்தின் காலை எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே அழகான ஏற்பாடு. மன்றத்தில் நாற்பத்து மூன்று பேர். இந்த நாட்டில் எந்த அலுவலகத்திலும் போல, வந்ததும் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வணக்கம் சொல்ல வேண்டும். ஆளுக்கு நாற்பத்திரண்டு. இரண்டு பேருக்கு ஒரு கைகுலுக்கல் என்பதால் பாதியாக்கினால் தொள்ளாயிரத்து மூன்று. மற்ற இடங்களில் இது போகிற போக்கில் நடக்கும். இங்கே இது முடியாமல் வேறு எதுவும் தொடங்காது. தாழ்வாரம் இரண்டு பேர் அகலம். ஆட்கள் ஒவ்வொருவராகத்தான் வருகிறார்கள். யாராவது புதிதாக வந்தால் ஏற்கெனவே உட்கார்ந்தவர்கள் எழுந்து வர வேண்டும். சாதாரண மாதத்தில் பத்தே முக்காலுக்கு முடிந்துவிடும். ஜனவரியில் ஆரோக்கியமும் சேர்வதால் கொஞ்சம் இழுக்கும். அன்றைக்கு மத்யூரனும் சேர்ந்ததில் கணக்கு தொள்ளாயிரத்து நாற்பத்தாறு ஆயிற்று.

"நான் இங்க வேல பாக்கறவன் இல்ல, மதாம்."

"எட்டாவது விதி, முசே. இந்த மாடியில நிக்கற யாரும் வணக்கத்துக்கு உரியவர். நாங்க யாரையும் ஒதுக்கறதில்ல. மத்த அலுவலகத்துல உங்கள ஒரு படிவம் நிரப்பச் சொல்லுவாங்க. இங்க படிவமே கிடையாது. மனுஷத் தொடர்பு மட்டும்தான்."

மத்யூரன் தொடங்கினான். பத்தொன்பதாவது ஆளின் கை அவன் கைக்குள் இருக்கும்போது சட்டைப்பையில் போன் இரண்டு தடவை அதிர்ந்து நின்றது. மணி பத்து. முதல் படி முழுகிவிட்டது. அவன் ஓடிப்போய்க் கவ்வியை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டுத் திரும்பி வந்தான். அந்த அவசரத்தில்தான் அது நடந்தது. தாழ்வாரத்தில் எதிரே வந்த வழுக்கைத் தலைக்காரருக்குக் கை கொடுத்து, "வணக்கம், முசே" என்றான்.

அந்த மனிதர் முகம் சிறுத்துவிட்டது. "நாம காலையிலயே பாத்துக்கிட்டோம்" என்றார், தரையைப் பார்த்தபடி.

ஒரே நாளில் ஒருவருக்கு இரண்டு தடவை வணக்கம் சொன்னால், முதல் தடவை உன்னைக் கவனிக்கவே இல்லை என்று பொருள். அடுமனையில் இப்படி நடந்தால் இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் போவார்கள். இங்கே மதாம் லசேர் வந்துவிட்டார்.

"அவர் மறக்கப்பட்டிருக்கார்" என்றார். "இத சரி பண்ணாம மேல போக முடியாது. நீங்க அவரோட கொஞ்சம் உக்காந்து பேசணும். அவர் உங்க மனசுல பதியற வரைக்கும்."

மறக்கப்பட்டவருக்கு மூன்று பிள்ளைகள், ஒரு முதுகுவலி, பிரித்தானி கடற்கரையில் பாதிப் பங்கு ஒரு வீடு. பேச்சு முடிந்தபோது மத்யூரனிடம் பிள்ளைகளின் பெயரைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். நடுப் பெண்ணின் பெயரை விட்டுவிட்டான். மறுபடி முதலிலிருந்து.

பதினொன்றே காலுக்குத் தலைவர் முசே வோப்ரன் வந்தார். நெடிய மனிதர், வெள்ளை மீசை. உள்சட்டையின் குறுக்கே ஒரு சங்கிலி. அதன் நுனியில் தடித்த இரும்புச் சாவி ஆடியது. மத்யூரன் அதையே பார்த்தபடி கை கொடுத்தான், வாழ்த்தினான், ஆரோக்கியம் சொன்னான், வாயைத் திறந்தான்.

மதாம் லசேர் இருமினார். "வணக்கத்தோட ஒரு விண்ணப்பத்த ஒட்டினா அது வணக்கமே இல்ல, முசே. தலைவர் உங்கள பதினொன்னரைக்குச் சந்திப்பார்."

பதினொன்றரைக்கு, ஒரு நிமிடம் பிசகாமல், மத்யூரன் தலைவரின் கதவைத் தட்டினான். திறந்ததும் மதாம் லசேர்தான்.

"சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார், வருத்தமாக.

"ஆமா."

"அழைச்சவங்க இன்னும் தயாரா இல்லாம இருந்தா? வந்து சங்கடப்படுத்திட்டீங்களே. ஒரு கால்மணி தாமதமா வர்றதுதான் மரியாத. போயிட்டு மறுபடி வாங்க."

மத்யூரன் தாழ்வாரத்தின் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்தான். உட்கார முடியவில்லை. ஒரு மரியாதை, ஓர் அங்குலம். அவனுடைய காலுறையிலிருந்து சொட்டிய தண்ணீர் பளிங்குத் தரையில் கோடாக நீண்டது. பதினொன்றே முக்காலுக்குப் போன் அதிர்ந்தது. இரண்டாம் படி. அவன் கதவைத் தட்டினான். ஆனால் விருந்தாளி தாமதமாக வருவதற்குச் சங்கடப்படக்கூடாது என்று, தலைவர் தாமும் ஒரு கால்மணி தாமதிக்க முடிவு செய்திருந்தார்.

கதவு திறந்தபோது ஊர்க் கோவில் மணி பன்னிரண்டு அடித்தது.

"அடடா" என்றார் தலைவர். "பன்னெண்டு ஆயிருச்சே. இனிமே ரெண்டு மணி வரைக்கும் வேலை விஷயம் பேசறது நாகரிகம் இல்ல. ஆனா உங்கள பசியோட அனுப்பினா அது அதவிட அநாகரிகம். வாங்க முசே, எங்களோட சாப்பிடுங்க."

"தலைவரே, ஒரே ஒரு சாவி—"

"விருந்துல பேசலாம். சீஸ் வரட்டும்."

இதுவும் இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். தொழில் நிமித்தமாகக் கூடி உண்ணும்போது தொழிலைப் பற்றி சீஸ் வரும் வரை வாய் திறப்பதில்லை. அதற்கு முன்னால் வானிலை, ஊர், திராட்சை அறுவடை, பிள்ளைகளின் படிப்பு. மனிதனைத் தெரிந்துகொண்ட பின் காரியம். நல்ல ஏற்பாடு, தரைக்குக் கீழே தண்ணீர் ஏறாத நாளில்.

அதே மாடியின் சாப்பாட்டு அறையில் ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். முதலில் மதுக் கிண்ணங்களைத் தொட்டு வாழ்த்துதல். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரின் கிண்ணத்தைத் தொட வேண்டும், தொடும்போது கண்ணைப் பார்க்க வேண்டும், ஒருவர் கை மேல் இன்னொருவர் கை குறுக்கே போகக்கூடாது. ஒன்பது பேருக்கு முப்பத்தாறு தொடல். பதினேழாவதில் மத்யூரன் சாவியைப் பார்த்துவிட்டான். கண்ணைப் பார்க்கவில்லை. திரும்பத் தொடங்கினார்கள்.

முதல் பதார்த்தம் வந்தது. மத்யூரன் ஆறு வாயில் முடித்தான். வேகமாக முடித்தால் சீஸ் சீக்கிரம் வரும் என்று நினைத்தான்.

"பாவம், நல்ல பசி" என்று மதாம் லசேர் மறுபடி பரிமாறச் சொன்னார். "மெதுவா, முசே. கை ரெண்டும் மேசை மேல இருக்கட்டும்."

கன்றிறைச்சிக் குழம்பு வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால் தாண்டிவிட்டது. தலைவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே மன்றத்தைப் பற்றிப் பேசினார். அது தொழில் பேச்சில் சேராது, அது வரலாறு.

"அறுபது வருஷம், முசே. அறுபது வருஷத்துல இந்த மன்றம் ஒருத்தர் முகத்துல கதவ சாத்தினதில்ல. கேட்டுட்டு வந்த யாரும் மனசு நோகப் போனதில்ல. கேட்டது கெடச்சுதான்னு சிலர் கேப்பாங்க. சின்ன மனசுக்காரங்க. கெடைக்கறது பெருசா, கௌரவமா நடத்தப்படறது பெருசா? போன வருஷம் ஒரு நிறுவனம் எங்க அனுமதிக்காகக் காத்திருந்தே மூடிப்போச்சு. அதோட முதலாளி எங்களுக்கு என்ன எழுதினார் தெரியுமா? உங்க அளவுக்கு மரியாதையா என்ன யாருமே நாசமாக்கினதில்லன்னு எழுதினார். அந்தக் கடிதத்த சட்டம் போட்டு வச்சிருக்கேன்."

மேசையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள்.

"இங்க எல்லாருமே எல்லாருக்கும் வணக்கம் சொல்றாங்களா, தலைவரே?" என்றான் மத்யூரன். எதையாவது பேச வேண்டியிருந்தது.

"விதிவிலக்கே கிடையாது."

"கீழ, மதாம் ஃபிகேராவுக்கு?"

தலைவர் உண்மையாகவே யோசித்தார். "பேர் கேட்ட மாதிரி இருக்கு."

"காவலாளி" என்றார் மதாம் லசேர். "வரிசை தரைத்தளத்துலேர்ந்து மேல, தலைவரே. அவங்க அறை தரைக்குக் கீழ. வரிசைக்கு ஒரு எல்லை வேணுமில்லையா."

சமைக்காத பச்சைக் கீரை வந்தது. இலையைக் கத்தியால் வெட்டக்கூடாது, மடிக்க வேண்டும். மத்யூரன் மடித்தான். கால் மட்டும் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. ஒன்றே காலுக்குச் சீஸ் பலகை வந்தது. நடுவில், வெள்ளைத் தோல் போர்த்திய முக்கோணத் துண்டு ஒன்று.

"விருந்தாளி முதல்ல" என்றார் தலைவர்.

மத்யூரன் கத்தியை எடுத்தான். பதினைந்து அங்குலக் குழாயைக் கண்ணால் அளந்தே நேராக வெட்டும் கை அது. அந்தக் கை, கைக்கு எட்டிய கூர்நுனியைச் சட்டென்று குறுக்கே நறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டது.

மற்ற எட்டுப் பேரும் அவன் தட்டைப் பார்த்தார்கள்.

வட்டமான இந்தச் சீஸ் நடுவில்தான் நன்றாகப் பழுத்திருக்கும். அந்த நடு, துண்டின் கூர்நுனியில் இருக்கிறது. அதனால் பக்கவாட்டில் நீளமாகச் சீவ வேண்டும், எல்லோருக்கும் கொஞ்சம் நுனி, கொஞ்சம் தோல் கிடைக்கும்படி. மூக்கை வெட்டுவது என்று இதற்குப் பெயர். ஐந்து வயதுப் பிள்ளைகூடச் செய்யாது. மத்யூரன் தன் வாழ்நாளில் செய்ததில்லை.

"மூக்கு" என்றார் யாரோ, மெல்ல.

"சரி, இப்ப சீஸ் வந்துருச்சே" என்றான் மத்யூரன். "பேசலாமா? மணி ஒன்னு இருபது."

தலைவர் பலகையைச் சோகமாகப் பார்த்தார். "இத சீஸ்னு எடுத்துக்க முடியுமான்னு தெரியல. பகிர்ந்துக்க முடியாத ஒன்ன... புதுசா ஒன்னு வாங்கிட்டு வரச் சொல்லலாம்."

"கடை நாலு மணிக்குத்தான் திறக்கும், தலைவரே" என்றார் மதாம் லசேர்.

"அப்ப நாலு மணிக்கு."

மத்யூரன் எழுந்துவிட்டான். அந்தச் சங்கிலியைப் பிடித்து இழுத்துவிடுவது என்று கை தீர்மானித்துவிட்டது. அப்போதுதான் கதவு திறந்தது.

மதாம் ஃபிகேரா ரப்பர் பூட்ஸோடு நின்றார். முழங்கால் வரை நனைந்திருந்தார். பத்தொன்பது வருடமாக, எல்லோரும் போன பிறகே அந்த மாடியில் கால் வைத்தவர். அந்தப் பன்னிரண்டு விதிகளையும் தினமும் ஈரத்துணியால் துடைத்தவர். அந்தக் கட்டடத்தில் அவற்றை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

"வணக்கம், முசே வோப்ரன்" என்றார், தெளிவாக.

மற்ற எட்டுப் பேரும் மதாம் லசேரைப் பார்த்தார்கள். மதாம் லசேர் வாயைத் திறந்தார். எட்டாவது விதி: இந்த மாடியில் நிற்கும் யாரும். ஒன்பதாவது விதி: வணங்கப்பட்டவர் எதைச் செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டு, எழுந்து நின்று, வலக்கை கொடுப்பார். மதாம் லசேர் வாயை மூடிக்கொண்டார்.

தலைவர் எழுந்தார். கையை நீட்டினார். மதாம் ஃபிகேரா அந்த வலக்கையைத் தன் வலக்கையால் பற்றிக்கொண்டார். கையை விடுவது எப்போதும் பெண்ணின் உரிமை. அது பத்தாவது விதி. அவர் விடவில்லை.

"புத்தாண்டு வாழ்த்துகள், தலைவரே. முக்கியமா நல்ல ஆரோக்கியம். உங்களுக்கும், வீட்டுல எல்லாருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இடக்கையால் அவருடைய உள்சட்டைச் சங்கிலியின் கொக்கியைத் தளர்த்தினார். துணிகளுக்குக் கொக்கி தைத்துப் பழகிய கை. கொக்கி எப்படித் திறக்கும் என்று அதற்குத் தெரியும். "நல்ல அறுவடை வருஷமா இருக்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கும் சளி இல்லாம இருக்கட்டும்."

தலைவர் தன் நெஞ்சைப் பார்த்தார். சாவி போய்க்கொண்டிருந்தது. ஆனால் வணக்கத்தின் நடுவில் இடைமறிப்பது கூடாது. சாவியைப் பற்றிப் பேசுவதோ, சீஸ் இல்லாத மேசையில், அதைவிடக் கூடாது.

"உங்களுக்கும்" என்றார். "முக்கியமா ஆரோக்கியம்."

மதாம் ஃபிகேரா கையை விட்டார். மற்ற ஏழு பேருக்கும் வரிசையாகக் கை கொடுத்தார், அவசரப்படாமல், ஈரக் கையால். சாவியை மத்யூரனிடம் நீட்டினார்.

"நல்லா சாப்பிடுங்க" என்று மேசைக்குச் சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

வால்வை மூடியபோது ஒன்று இருபத்தெட்டு. மின்பெட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு நகம் நுழையலாம்.

அதன்பின் நடந்ததெல்லாம் சாதாரணமானது. மத்யூரன் வண்டியிலிருந்து பம்பை இறக்கினான், தண்ணீரைத் தெருவுக்கு இறைத்தான், குழாயை வெட்டினான், புதுத் துண்டு வைத்துப் பற்றவைத்தான், மின்பெட்டியைச் சோதித்தான். மூன்று மணிக்கு மதாம் லசேர் மாடிப்படியில் தோன்றினார். மேலே காபிக்குத் தண்ணீர் இல்லை.

"தண்ணி எப்ப வரும்?"

மதாம் ஃபிகேரா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "வேலை விஷயமா, மதாம்? சீஸ் ஆச்சா?"

மதாம் லசேர் வந்த படியிலேயே ஏறிப் போனார். மேலே அன்று மாலையே அவசரக் கூட்டம் போட்டார்களாம். வரிசையின் எல்லையைக் கீழே ஐந்து படி நீட்டுவது என்று தீர்மானம். நாளை முதல் நாற்பத்து நாலு பேர். தினமும் நாற்பத்து மூன்று கைகுலுக்கல் கூடுதல். அதனால் அலுவல் தொடங்கும் நேரத்தைப் பதினொன்றே முக்காலுக்குத் தள்ளியிருந்தார்கள். விருந்தினர் கூடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மத்யூரன் வேலையை முடித்துக் கருவிகளைப் பெட்டியில் அடுக்கினான். மதாம் ஃபிகேராவின் தரை ஓடுகள் மறுபடி தெரிந்தன. கட்டிலின் கால்கள் ஊறியிருந்தன; தையல் மெஷின் மேசை மேல் பத்திரமாக இருந்தது. அவர் அவனுக்குச் சின்னக் கோப்பையில் கறுப்புக் காபி கொடுத்தார்.

"நல்ல கை உங்களுக்கு. கவ்வி போடலன்னா பதினோரு மணிக்கே போயிருக்கும்."

"உங்க கை அத விட" என்றான் மத்யூரன். "நான் நாப்பத்தி மூணு பேருக்குக் குடுத்துட்டு வந்தேன், ஒரு சாவி கெடைக்கல."

"ஆமா, நாப்பத்தி மூணு பேர்" என்றார் அவர். காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காலையில ஒன்பதே காலுக்கு இந்தப் படியில நின்னு நான் ஒன்னு சொன்னேன், முசே. நீங்க வால்வு எங்கன்னு கேட்டீங்க."

மத்யூரன் கோப்பையைக் கீழே வைத்தான். காலையிலிருந்து ஒவ்வொரு கையாக நினைத்துப் பார்த்தான். வழுக்கைத் தலைக்காரரின் மூன்று பிள்ளைகளின் பெயர்கூட இப்போது சரியாக ஞாபகம் வந்தது. அவன் எழுந்து, கையைக் கால்சட்டையில் துடைத்து நீட்டி, "வணக்—" என்று தொடங்கினான்.

மதாம் ஃபிகேரா தலையை மேலே, தெருமட்டத்துச் சின்ன ஜன்னலை நோக்கி அசைத்தார். வெளியே விளக்கு எரிந்தது. ஆறு மணி. இருட்டிவிட்டது. வெறும் வணக்கம் அங்கே பகலுக்கு மட்டும்; அந்த நேரம் போய்விட்டது.

"மாலை வணக்கம், மதாம்" என்றான்.

"மாலை வணக்கம், முசே." அவர் கை கொடுத்தார், உடனே விட்டுவிட்டார். "பகல்ல சொல்ல வேண்டியத நாளைக்கு வந்து சொல்லுங்க. அப்படியே குழாய் கசியுதான்னு ஒரு தடவ பாத்துட்டுப் போங்க."

"எத்தன மணிக்கு?"

"ஒன்பதுக்கு" என்றார். "சரியா ஒன்பதுக்கு. இங்க கீழ அதுதான் மரியாத."